பூட்டித்தான் இருந்தது

அந்த மின்னஞ்சலை இரண்டாம் தடவை படித்தபோதுதான் ஜாஹ்னவிக்கு விஷயம் உறைத்தது. முதல் தடவை அதை வழக்கமான பராமரிப்பு அறிவிப்பு என்று நினைத்துக் கடந்துபோயிருந்தாள். அவ்வளவு வழவழப்பான வாசகம். தங்கள் சேமிப்பகம் ஒன்றில் அனுமதியில்லாத நடமாட்டம் இருந்திருக்கிறது, சில நிறுவனங்களின் பேக்கப் கோப்புகள் நகலெடுக்கப்பட்டிருக்கலாம், அவை என்க்ரிப்ட் செய்து பூட்டப்பட்டவை என்பதால் கவலைக்கு இடமில்லை என்று எழுதியிருந்தார்கள். கோப்புகளைப் பத்திரமாக வைத்துக்கொள்வதற்கென்றே மாதாமாதம் வாடகை வாங்கும் கம்பெனி அது.

ஜாஹ்னவி தில்லைநகரில் ஒரு குழந்தைப்பேறு சிகிச்சை மையத்தின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவள். சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்துவிட்டு, கணவனுக்குத் திருச்சியில் வேலை கிடைத்ததும் சொந்த ஊரான ஸ்ரீரங்கத்துக்கே திரும்பி வந்து இதில் சேர்ந்திருந்தாள். மையத்துக்கு வரும் தம்பதிகளின் பரிசோதனை முடிவுகள், சிகிச்சைக் குறிப்புகள், எல்லாவற்றுக்கும் மேலாக, யாருக்கு யாருடைய கருமுட்டை, யாருடைய விந்தணு என்ற விவரம், எல்லாம் அவள் பொறுப்பில் இருந்த சர்வரில் இருந்தன. அதன் பிரதிதான் வெளியே போயிருந்தது.

பூட்டைப் பற்றி அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு பேக்கப் கோப்பும் ஒரு புதுச் சாவியால் பூட்டப்படும். அந்தச் சாவியை ஒரு சின்னப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டி, கோப்போடு ஒட்டியே அனுப்பிவிடுவார்கள். பெரிய பெட்டியின் பூட்டைப் பற்றிப் பயமில்லை. சின்னப் பெட்டியின் பூட்டுதான் வில்லங்கம். இரண்டு பிரம்மாண்டமான பகா எண்களைப் பெருக்கி வந்த எண்ணை மறுபடி பிரிக்க யாராலும் முடியாது என்ற ஒரே நம்பிக்கையில் நிற்கிற பூட்டு அது. இன்றைய கம்ப்யூட்டர்களுக்கு அது முடியாத காரியம். குவாண்டம் கம்ப்யூட்டர் என்று ஒன்றை உலகம் முழுக்கக் கட்டிக்கொண்டிருக்கிறார்களே, அது போதுமான அளவு பெரிதாகிவிட்டால் அதற்கு இது முடிகிற காரியம். ஆகவே இன்றைக்குத் திருடுகிறவனுக்கு அவசரமே கிடையாது. கோப்பை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் போதும்.

குவாண்டத்துக்கும் அசையாத புதுவகைப் பூட்டுகள் வந்துவிட்டன, மாற்றிவிடலாம் என்று போன வருஷமே அவள் கேட்டிருந்தாள். நிர்வாக மேலாளர் பிரிட்டோ அதைப் பார்த்துவிட்டு, அடுத்த வருஷம் பார்ப்போம் மேடம் என்றிருந்தார். அந்த அடுத்த வருஷம்தான் இப்போது நடந்துகொண்டிருந்தது.

டாக்டர் மதுசூதன் அறையில் மூவரும் உட்கார்ந்தார்கள். சுவர் முழுக்கக் குழந்தைகளின் படங்கள். ஊரில் பாதிப் பேருக்கு அவர் கைராசி டாக்டர். மெயிலை அவள் படித்துக் காட்டி முடித்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

“பூட்டியிருந்ததா, இல்லையா?”

“பூட்டித்தான் இருந்தது, சார்.”

“அப்புறம் என்ன?”

அவள் சின்னப் பெட்டியைப் பற்றிச் சொன்னாள். பகா எண்களைப் பற்றிச் சொன்னாள். மேஜைமேல் இருந்த காகிதத்தில் படம் போட்டுக்கூடக் காட்டினாள். டாக்டர் முதலில் படத்தைப் பார்த்தார், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். பிரிட்டோ நாற்காலியில் சாய்ந்துகொண்டு, அந்தக் கம்ப்யூட்டர் எப்போது வரும் என்று கேட்டார். அங்கேதான் அவள் தோற்றுப்போனாள். பத்து வருஷத்தில் வரலாம் என்கிறார்கள், இருபதும் ஆகலாம், வராமலே போகலாம் என்பவர்களும் இருக்கிறார்கள் என்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். சொல்லும்போதே அது தன் காதுக்கே எப்படிக் கேட்கிறது என்று தெரிந்தது. மழை வரலாம், வராமலும் இருக்கலாம் என்கிற வானிலை அறிக்கை போல இருந்தது. பிரிட்டோ சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

குறைந்தபட்சம் கருமுட்டையோ விந்தணுவோ தானம் பெற்ற குடும்பங்களுக்காவது சொல்லிவிட வேண்டும் என்றாள். அவர்கள் ரகசியத்துக்கு ஆயுள் ஒரு குழந்தையின் ஆயுள். கிரெடிட் கார்டாக இருந்தால் மாற்றிக் கொடுத்துவிடலாம், இதை எப்படி மாற்றுவது? பிரிட்டோ வக்கீலிடம் பேசிவிட்டதாகச் சொன்னார். தகவல் பாதுகாப்புச் சட்டம் இன்னும் முழுசாக நடைமுறைக்கு வரவில்லை, பூட்டியிருந்த கோப்புக்கெல்லாம் ஆள் ஆளாகப் போய்ச் சொல்ல வேண்டியதில்லை என்பது வக்கீலின் கருத்தாம்.

டாக்டர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார்.

“இங்க வர்றவங்க எப்படி வராங்கன்னு உங்களுக்குத் தெரியும். பாதி செத்துத்தான் வராங்க. யாருக்கும் தெரியாதுன்னு நான் ஒரு வார்த்தை சொன்னப்புறம்தான் அந்த நாற்காலியில நிமிர்ந்தே உக்கார்றாங்க. அவங்களைக் கூப்பிட்டு, வரலாம், வராமலும் போகலாம்னு ஒண்ணைச் சொல்லச் சொல்றீங்களா?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததால் ஆத்திரம் இரண்டு மடங்காயிற்று.

ஒன்றை மட்டும் வாதாடி வாங்கினாள். இனிமேல் போகும் பேக்கப்புகளுக்காவது புதுப் பூட்டுப் போட அனுமதி. செலவு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பிரிட்டோ தலையாட்டினார்.

அதுவும் லேசில் நடக்கவில்லை. மென்பொருள் விற்ற கம்பெனிக்குப் போன் செய்தால், எங்களுடையது ராணுவத் தரம் மேடம் என்பதையே ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள். எந்தவகைப் பூட்டு என்ற கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய ஆள் அந்தக் கம்பெனியில் இருந்ததாகவே தெரியவில்லை. குவாண்டம் என்ற சொல்லை எங்கேயோ மோப்பம் பிடித்து, கோயம்புத்தூரிலிருந்து ஒரு விற்பனைப் பிரதிநிதி டை கட்டிக்கொண்டு வந்தார். ‘குவாண்டம் கவசம்’ என்று ஒரு கறுப்புப் பெட்டியின் படத்தைக் காட்டினார். அதற்குள் என்ன இருக்கிறது என்று அவள் கேட்டதும், அது கம்பெனி ரகசியம் என்றார். அந்த ஆளைப் பிரிட்டோவுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அவர் தேதி, உத்தரவாதம், எல்லாம் சொன்னாரே என்றார்.

கடைசியில் யாரையும் நம்பாமல், எல்லோரும் பார்க்கும்படி வெளியிடப்பட்டிருந்த மென்பொருளை எடுத்து அவளே சோதித்துப் பார்த்து, பேக்கப்புகளுக்கும் சர்வரோடு வந்துபோகும் தகவலுக்கும் பொருத்தினாள். பொருத்திய மறுநாள் காலை, கரு ஆய்வகத்தில் இருந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று சர்வரோடு பேச மறுத்தது. அதற்குப் புதுப் பூட்டின் பாஷை தெரியவில்லை. ஆய்வகத்தில் இருந்த பெண்மணி, இன்க்யுபேட்டரில் கருக்கள் இருக்கும்போது உங்கள் விளையாட்டை இங்கே வைத்துக்கொள்ளாதீர்கள் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். கருக்களுக்கு ஒரு கெடுதலும் இல்லை, திரையில் படம் வரவில்லை, அவ்வளவுதான். ஆனாலும் ஜாஹ்னவி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் சர்வருக்கு முன்னால் ஒரு துபாஷியை உட்காரவைப்பது போல இன்னொரு சிறு இயந்திரத்தை வைத்துச் சரிசெய்தாள். மறுபடி எல்லாம் ஓடத் தொடங்கியபோது யாரும் எதுவும் சொல்லவில்லை. ஓடாதபோதுதானே அவள் பெயர் ஞாபகம் வரும்.

அவள் மனத்தை ஒருத்தரிடம்தான் கொட்டிக்கொள்ள முடிந்தது. மையத்தில் தம்பதிகளுக்கு ஆலோசனை சொல்கிற ஷரபுன்னிசா. பாலக்கரைக்காரர். ஜாஹ்னவியைவிடப் பத்து வயது மூத்தவர். மின்னஞ்சல் விஷயத்தைக் கேட்டு அவர் அதிர்ச்சி அடைந்ததாகவே தெரியவில்லை. தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

“நான் இங்க வந்த நாள்லேர்ந்து எல்லார்கிட்டயும் சொல்றேன். புள்ளைக்குக் கொஞ்சம் வெவரம் வந்ததும் நீங்களே பதமா சொல்லிருங்கன்னு. ஒருத்தராவது கேக்கணுமே. அதான் டாக்டர் யாருக்கும் தெரியாதுன்னுட்டாரேம்பாங்க. இப்ப அந்த வார்த்தைக்கே கெடு வெச்சுட்டான் எவனோ.”

“நீங்களாவது அவங்களைக் கூப்பிட்டுச் சொல்லக்கூடாதா?”

“டாக்டர் வேணாம்னு சொன்னதுக்கப்புறம் நான் எப்படிம்மா கூப்பிட முடியும்?”

ஜாஹ்னவியால் கூப்பிடவே முடியாது. யார் யார் அந்தக் குடும்பங்கள் என்று தெரிந்துகொள்ளவே அவளுக்கு உரிமை இல்லை. பூட்டைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை, உள்ளே இருப்பதைப் பார்ப்பது அல்ல. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு பெயரைக்கூட அவள் திறந்து பார்த்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஆனால் ஒரு குடும்பத்தைப் பற்றி மட்டும், பார்க்காமலே அவளுக்குத் தெரியும்.

மேலூர் ரோட்டில் அவள் குடியிருந்த அடுக்குமாடியில், இரண்டு மாடி மேலே மாலினியும் சேஷுவும் இருந்தார்கள். சேஷு திருவானைக்காவல் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். உற்சவ நாட்களில் பெருமாள் முன்னால் பிரபந்தம் பாடும் கோஷ்டியில் நின்று சேவிப்பவர். மாலினியும் ஜாஹ்னவியும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். ஊருக்குத் திரும்பி வந்த புதிதில் சாயங்காலமானால் இருவரும் ஒன்றாகத்தான் நடக்கப் போவார்கள். ஜாஹ்னவி தில்லைநகரில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன், இன்ன மையத்தில் என்று சொன்ன நாளோடு அது நின்றுபோயிற்று. மாலினிக்குத் தலைவலி, மாலினிக்கு வேலை, மாலினி ஊரில் இல்லை. லிஃப்டில் பார்த்தால் சிரிப்பாள், அந்தச் சிரிப்பு உதட்டோடு சரி. அவர்கள் பெண் வகுளா அப்போது மழலை பேசிக்கொண்டிருந்தாள், இப்போது மூன்றாம் வகுப்பு. ஏன் இந்த விலகல் என்று ஜாஹ்னவி யோசித்து, புரிந்ததும் யோசிப்பதை நிறுத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அவளும் ஒதுங்கியே இருந்தாள். அதுதான் மாலினிக்குத் தான் செய்யக்கூடிய மரியாதை என்று அவளுக்குத் தோன்றியது.

சேமிப்பகத் திருட்டு ஒரு நாள் செய்தியாக வந்துவிட்டது. தமிழ்நாட்டில் சில மருத்துவமனைகளின் கோப்புகளும் அதில் அடக்கம் என்று ஒரு வரி இருந்தது. பெயர்கள் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மாலினி படியிறங்கி வந்தாள். ஜாஹ்னவியின் கணவன் கேஷவ் மகனைக் கூட்டிக்கொண்டு முடிவெட்டப் போயிருந்தான். மாலினி வாசலிலேயே நின்றுகொண்டு, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். யாரும் இல்லை, வா என்றதும் உள்ளே வந்து, உட்காராமல் போனை நீட்டினாள்.

“இது உங்க எடமா, ஜானு?”

மையத்தில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்த வாக்கியம் ஒன்று இருந்தது. யார் கேட்டாலும் அதைத்தான் சொல்ல வேண்டும்.

“எல்லாம் பூட்டித்தான் இருந்தது” என்றாள்.

மாலினி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். கண்களை மூடிக்கொண்டு பெருமூச்சு விட்டாள். “அப்போ யாராலயும் திறக்க முடியாது. எப்பவுமே” என்றாள். கேள்வியாகக்கூட இல்லை, தனக்கே சொல்லிக்கொண்டாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். விட்டிருந்தால் இரண்டு பேருக்கும் நிம்மதி. ஆனால் ‘எப்பவுமே’ என்ற அந்தச் சொல் ஜாஹ்னவிக்கு முள்ளாகக் குத்தியது. மூன்று மாதமாக அவள் சண்டை போட்டுக்கொண்டிருந்ததே அந்த ஒரு சொல்லோடுதான்.

“எப்பவுமேன்னு நான் சொல்ல மாட்டேன், மாலு.”

பிறகு சொன்னாள். டாக்டரிடம் சொன்னதைவிடச் சுருக்கமாக, படம் எதுவும் போடாமல். இன்றைக்குப் பயமில்லை, பத்துப் பதினைந்து வருஷம் கழித்து என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது என்றாள். மாலினி அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்ததும் மெல்லிய குரலில், “வகுளாவுக்கு அப்போ கல்யாண வயசாயிருக்கும்” என்றாள்.

இத்தனை வருஷமாக ஒருத்தி சொல்லாததும் இன்னொருத்தி கேட்காததும் அந்த ஒரு வாக்கியத்தில் வெளியே வந்துவிட்டது. மாலினிக்கும் அது உறைத்திருக்க வேண்டும். முகம் சிவந்துவிட்டது.

“நீ அங்க சேர்ந்த அன்னிலேர்ந்து எனக்கு உன்னைப் பார்த்தாலே பயம். நீ பார்த்திருப்பியோன்னு.”

“நான் பார்க்கலை. எதையுமே பார்த்ததில்லை.”

“நீ பார்த்திருந்தாக்கூடப் பரவாயில்லையேடி. இப்போ எவனோ வெச்சிண்டிருக்கான்.” அவள் எழுந்துவிட்டாள். “காப்பாத்த முடியாதுன்னா எதுக்கு எங்ககிட்ட அத்தனையும் வாங்கி எழுதி வெச்சேள்? மாமியார், மச்சினர், அவா அகத்துப் பேச்சு, எல்லாத்தையும் தாண்டிண்டு வந்தோம். தன்னால குழந்தை ஆகாதுன்னு தெரிஞ்சப்புறம் அவர் ஒரு வருஷம் கோஷ்டிக்கே போகலை, தெரியுமா உனக்கு? அவரை மறுபடி மனுஷனா ஆக்கினதே அந்தக் குழந்தைதான்.”

மாலினி கதவை அடித்துச் சாத்தவில்லை, மெதுவாகத்தான் சாத்திக்கொண்டு போனாள்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் மதுசூதன் ஜாஹ்னவியைக் கூப்பிட்டனுப்பினார். மாலினி நேரே அவரிடமே போயிருந்தாள். டாக்டர் அவளுக்குத் தைரியம் சொல்லி அனுப்பிவிட்டு, இவளை நிற்கவைத்தே பேசினார். நோயாளியிடம் பேச உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்றார். அவர்களே வந்து கேட்டார்கள் என்றாள். கேட்டால், டாக்டரைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும் என்றார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு வேலை பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்றார். அவர் குரல் நடுங்கியது. கோபத்தில் மட்டும் நடுங்கியதாக அவளுக்குத் தோன்றவில்லை.

பஸ்ஸில் காவேரிப் பாலம் தாண்டும்போது மாலினியிடமிருந்து வாட்ஸப் வந்தது. ‘டாக்டர்கிட்ட கேட்டாச்சு. கோடி வருஷம் ஆனாலும் திறக்க முடியாதாம். நீ ஏன் என்னை இப்படிப் பயமுறுத்தினே?’

ஜாஹ்னவி பதில் அடித்தாள், அழித்தாள், மறுபடி அடித்தாள். பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. கீழே ஆறு மணலாகக் கிடந்தது. என்ன பதில் சொன்னாலும் அவள் இன்னும் ஒரு தடவை பயமுறுத்துகிறவளாகத்தான் ஆவாள். போனைப் பைக்குள் போட்டுவிட்டாள். நிச்சயமாகச் சொல்கிறவன் பொய் சொன்னாலும் ஜெயிக்கிறான், தெரியாது என்று சொல்கிறவள் உண்மையைச் சொன்னாலும் தோற்கிறாள் என்று அன்று ராத்திரி கேஷவிடம் புலம்பினாள். அவன், உன் கடமையை நீ செய்தாயிற்று, விடு என்றான். அவளுக்கு அந்தப் பேச்சும் பிடிக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, காலையில் ராஜகோபுரம் ஸ்டாப்பில் அவள் பஸ்ஸுக்கு நின்றபோது சேஷு வந்தார். ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு, கொஞ்சம் தயங்கி, ஒரு சந்தேகம் கேட்கலாமா என்றார். முகத்தைப் பார்த்தால் சரியாகத் தூங்கி நாளானவர் போல இருந்தது.

அவர் கேட்டது கணக்குச் சந்தேகம். அந்தப் பூட்டு பகா எண்களைப் பெருக்கி வருவதுதானே என்றார். ஆமாம் என்றாள். எண்ணை இன்னும் பெரிதாக எடுத்திருந்தால் தப்பித்திருக்குமா என்றார். பெரிய பிரயோஜனம் இல்லை, இன்றைய கம்ப்யூட்டர் தடுமாறுகிற அந்தக் கணக்கே புதிய இயந்திரத்துக்குச் சுலபமாக இருக்கும், ஆகவே வேறு ஜாதிக் கணக்குக்கே மாற வேண்டும் என்றாள். புதிய பேக்கப்புகளுக்கு அதைத்தான் போட்டிருப்பதாகச் சொன்னாள்.

“ஏற்கெனவே போனதுக்கு?”

“போனது போனதுதான். அது இப்போ நம்ம கையில இல்லை.”

ஒரு பஸ் வந்து போயிற்று, அவள் ஏறவில்லை.

“மாலினி டாக்டர் சொன்னதை நம்பிட்டா. நானும் நம்பணும்னுதான் பார்த்தேன். முடியலை. கோடி வருஷங்கறது எந்தக் கம்ப்யூட்டருக்குன்னு எனக்குத் தெரியறதே. வகுப்புல நானே சொல்லிக்கொடுத்திருக்கேன், பெருக்கறது சுலபம், பிரிக்கறது கஷ்டம்னு.” அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஊருக்குத் தெரிஞ்சா என்னன்னு யோசிச்சுப் பார்த்தேன். அவமானமாத்தான் இருக்கும். தாங்கிண்டுடலாம். ஆனா அந்தக் குழந்தை எவனோ ஒருத்தன் வாயால கேட்டு, அப்பா ஏன் எங்கிட்ட சொல்லலைன்னு நின்னா, அதை எப்படித் தாங்கறது?”

டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். நீங்கள் சொல்லித்தான் வந்தேன் என்று சொல்ல மாட்டேன், கவலைப்படாதீர்கள் என்றும் சொன்னார். போகும்போது, அங்கே ஆலோசனை சொல்கிற அம்மாவின் பெயர் என்ன என்று கேட்டுக்கொண்டார்.

அன்று மதியம் அவர் டாக்டர் அறையில் நெடுநேரம் இருந்தார். ஜாஹ்னவி அந்தப் பக்கமே போகவில்லை. அவர் போன பிறகு டாக்டர், பிரிட்டோ, ஷரபுன்னிசா மூவரும் உள்ளே இருந்தார்கள். அலுவலகம் மூடும் நேரத்தில் அவளையும் கூப்பிட்டார்கள். டாக்டர் ஒரே நாளில் சோர்ந்து போனவராகத் தெரிந்தார்.

தானம் பெற்ற குடும்பங்களை ஷரபுன்னிசா ஒவ்வொருவராக அழைத்து நேரில் சொல்வார் என்றார். போனில் சொல்லக்கூடாது, எழுதி அனுப்பக்கூடாது, வரச்சொல்லி உட்காரவைத்துச் சொல்ல வேண்டும், பயமுறுத்தாமலும் சொல்ல வேண்டும், மறைக்காமலும் சொல்ல வேண்டும் என்றார். வக்கீல் என்ன சொல்வாரோ என்று பிரிட்டோ இழுத்தார். அந்தக் குழந்தைகள் வக்கீல் வீட்டில் வளரவில்லை என்று டாக்டர் அவர் வாயை அடைத்தார்.

அப்புறம் ஜாஹ்னவியைப் பார்த்தார்.

“அந்த வாத்தியார் எவ்வளவு தெளிவாச் சொன்னார், தெரியுமா? பெருக்கறது சுலபம், பிரிக்கறது கஷ்டம், அந்தக் கஷ்டம் போயிடுச்சுன்னா பூட்டு போச்சு. அவ்வளவுதானே விஷயம். நீங்க முதல்லயே இப்படிச் சொல்லியிருக்கலாம்ல?”

ஜாஹ்னவிக்குக் காது சூடாயிற்று. இதே அறையில், இதே மேஜையில், இதையேதானே படம் போட்டுக் காட்டினாள். காகிதம்கூட அவருடையதுதான். பக்கத்தில் ஷரபுன்னிசா அவள் முழங்கையை மெல்லத் தொட்டார். “சரி சார்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, கழிவறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். ஜெயித்ததற்கு அழுவார்களா என்று தன்னையே திட்டிக்கொண்டு முகத்தைக் கழுவினாள்.

ஷரபுன்னிசாவின் அழைப்புகள் மறுநாளே தொடங்கின. சிலருடைய எண்கள் மாறியிருந்தன. சிலர் மையத்தின் பெயரைக் கேட்டதுமே, தப்பான நம்பர் என்று வைத்துவிட்டார்கள். வந்து உட்கார்ந்தவர்களில் ஒருவர் வழக்குப் போடுவேன் என்றார். ஒரு பெண்மணி முழுக்கக் கேட்டுவிட்டு, எங்கள் பையனிடம் ஐந்து வயதிலேயே சொல்லிவிட்டோம், நல்லவேளை என்று சொல்லிக் காபி குடித்துவிட்டுப் போனாராம். யார் என்று ஷரபுன்னிசா சொல்லவில்லை, ஜாஹ்னவியும் கேட்கவில்லை. புதிதாக வரும் தம்பதிகளிடம் இப்போது டாக்டரே, எங்களால் முடிந்தவரை காப்போம், ஆனால் எப்போதும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன் என்று சொல்வதாக ஷரபுன்னிசா சொன்னார். கேட்டுவிட்டு எழுந்து போனவர்களும் உண்டாம்.

திருட்டுப்போன பிரதிகள் எங்கேயோ யாரிடமோ இருக்கின்றன. அதை நினைக்கும்போதெல்லாம் ஜாஹ்னவிக்குக் கை பரபரக்கும், செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

மாலினி அதன்பிறகு பல வாரம் அவளோடு பேசவில்லை. லிஃப்டில் அவளைக் கண்டால் படியேறிப் போய்விடுவாள். மார்கழி பிறந்து சில நாள் ஆகியிருந்தது. ஒரு சாயங்காலம் காய்கறிப் பையோடு ஜாஹ்னவி லிஃப்டுக்குக் காத்திருந்தபோது மாலினியும் வந்து நின்றாள். இந்தத் தடவை படிப்பக்கம் போகவில்லை. கதவு மூடி லிஃப்ட் கிளம்பியதும், எதிரே இருந்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

“வகுளாகிட்ட சொல்லிட்டோம். அந்தம்மா ரெண்டு மூணு தடவை எங்களை உக்காத்தி வெச்சுப் பேசினா. அப்புறம்தான் சொன்னோம். இவர்தான் சொன்னார், எனக்கு வாய் வரலை.”

“என்ன சொன்னா?”

“அப்போ ஒண்ணும் சொல்லலை. தோசை கேட்டா. நாலு நாள் கழிச்சு வந்து, அப்பாவுக்கு வருத்தமா இருந்துதான்னு கேட்டா. இவர் எழுந்து பால்கனிக்குப் போயிட்டார்.” மாலினி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “இன்னும் என்னென்ன கேப்பாளோ. தினம் பயந்துண்டே இருக்கேன்.”

ஜாஹ்னவியின் மாடி வந்து கதவு திறந்தது. அவள் இறங்காமல் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எனக்கு உன்மேல இன்னும் கோவம்தான்” என்றாள் மாலினி. “வருமோ வராதோன்னு தெரியாத ஒரு மெஷினுக்காக, நன்னா இருந்த குழந்தைகிட்ட போய் இதைச் சொல்ல வேண்டியதாப் போச்சு. அது வராமலே போயிட்டா?”

“வராமலே போகட்டும், மாலு.”

லிஃப்ட் கதவு பொறுமையிழந்து கத்தத் தொடங்கியது. ஜாஹ்னவி கையை எடுத்துவிட்டு இறங்கினாள். மாலினி மேலே போனாள்.